மலிவான கொட்டேஷனில் யாருடைய சம்பளம் குறைகிறது?

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் ஐந்து மாடி வணிக வளாகம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கீழ்த்தளத்தில் உணவகமும் மருந்துக்கடையும். மேலே சிறிய மென்பொருள் அலுவலகங்கள், ஒரு பல் மருத்துவமனை. வாரத்தின் ஏழு நாளும் ஆள் நடமாட்டம் உண்டு. பெருக்கித் துடைக்கவும் கழிப்பறை கழுவவும் ஆறு பேர் வேண்டும் என்று வளாக மேலாளர் மூன்று நிறுவனங்களிடம் கொட்டேஷன் கேட்கிறார். முதல் நிறுவனம் மாதம் 1,35,000 ரூபாய் கேட்கிறது, ஜி.எஸ்.டி. தனி, துப்புரவுப் பொருள்களுக்கு ஆகும் செலவும் தனி. இரண்டாவது 1,18,000, ஜி.எஸ்.டி. தனி. மூன்றாவது 84,000, ஜி.எஸ்.டி. பற்றி அதில் பேச்சே இல்லை. மூன்று தாளிலும் ‘ஆறு பணியாளர்கள்’ என்றே எழுதியிருக்கிறது.

பல இடங்களில் இதற்கு மேல் ஆலோசனை நடப்பதில்லை. 84,000 ரூபாய்க்காரரைக் கூப்பிட்டு, “80,000க்கு முடித்துக்கொடுங்கள்” என்று பேரம் பேசி, கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஆனால், அந்த மூன்று தொகைகளும் ஒரே வேலைக்கான மூன்று விலைகள் அல்ல. ஒவ்வொன்றும் வேறொன்றை விற்கிறது. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய நிபுணத்துவம் தேவையில்லை. ஒரு பணியாளருக்கு ஆகும் செலவைத் தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தால் போதும்.

ஏ.சி. பொருத்துவதற்கோ கட்டடத்துக்கு வண்ணம் பூசுவதற்கோ கொட்டேஷன் வாங்கும்போது பொருளின் விலை, கம்பெனி, உத்தரவாதம் என்று பலவும் தொகையைக் கூட்டும், குறைக்கும். தூய்மைப் பணி அப்படியில்லை. அதன் விலையில் பெரும்பங்கு மனிதர்களின் சம்பளம். மாப்பு, துடைப்பம், ரசாயனம், மெஷின் வாடகை எல்லாம் அதற்குப் பிறகுதான். ஆகவே, தூய்மைப் பணிக்கான கொட்டேஷனைப் படிப்பது என்பது ஒரு சம்பளப் பட்டியலைப் படிப்பது. தொகை வெகுவாகக் குறைகிறது என்றால், முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்தச் சம்பளம்.

சம்பளத்துக்கு மேல் ஏறும் படிகள்

கணக்குக்காக, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து ஒரு பணியாளருக்கான குறைந்தபட்ச ஊதியம் மாதம் 14,000 ரூபாய் என்று கொள்வோம். உண்மையான தொகையைத் தொழிலாளர் துறையின் நடப்பு அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் பஞ்சப்படி ஒவ்வோர் ஏப்ரல் முதல் தேதியும் மாறும்.

இந்த 14,000க்கு மேல் சட்டம் சில படிகளை ஏற்றுகிறது. வருங்கால வைப்பு நிதிக்கு (பி.எஃப்.) நிறுவனத்தின் பங்கு 12 சதவீதம்; நிர்வாகக் கட்டணமும் காப்பீடும் சேர்ந்து இன்னொரு 1 சதவீதம். ஆக, 1,820 ரூபாய். இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 455 ரூபாய். போனஸ் குறைந்தபட்சம் 8.33 சதவீதம், மாதக் கணக்கில் 1,166 ரூபாய். ஓராண்டுப் பணிக்கு 15 நாள் சம்பளம் என்ற பணிக்கொடைக்காக ஒதுக்க வேண்டியது 4.81 சதவீதம், 673 ரூபாய். கூட்டினால் 18,114 ரூபாய்.

அடுத்தது ரிலீவர். கொட்டேஷன்களில் பெரும்பாலும் காணாமல்போவது இந்த வரிதான். பணியாளருக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை உண்டு, கட்டடத்துக்கு இல்லை. மாதம் 30 நாளும் ஆள் வேண்டுமானால், 26 நாள் அவர் வருவார், மீதி 4 நாளுக்கு மாற்று ஆளுக்குச் சம்பளம் தர வேண்டும். அதற்கு 2,787 ரூபாய் சேர்த்தால் 20,901. ஒப்பந்த நிறுவனத்தின் மேற்பார்வைக்கும் லாபத்துக்கும் 8 சதவீதம் என்று வைத்தால் 22,573. தூய்மைச் சேவைக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அது நிறுவனத்தின் லாபத்துக்கு மட்டுமல்லாமல், சம்பளமும் பி.எஃப். பணமும் அடங்கிய மொத்த பில்லுக்கும் போடப்படுகிறது. கடைசியில் நிற்கும் தொகை 26,636 ரூபாய். இதில் ஒரு பாட்டில் ஃபினாயில்கூட இன்னும் சேரவில்லை.

பணியாளரின் பங்காக பி.எஃப்.புக்கு 12 சதவீதமும் இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதமும் பிடித்தது போக, அவர் கைக்கு வருவது 12,215 ரூபாய். வளாகம் கொடுக்கும் 26,636க்கும் பணியாளர் வாங்கும் 12,215க்கும் இடையே உள்ள இடைவெளியைப் பார்த்து, “நடுவில் ஏஜென்சிக்காரர் பாதியை விழுங்குகிறார்” என்று சொல்பவர்கள் உண்டு. நேர்மையான நிறுவனமாக இருந்தால், இடைவெளியின் பெரும்பகுதி பணியாளரின் ஓய்வுக்காலத்துக்கும் மருத்துவத்துக்கும் மாற்று ஆளின் கூலிக்கும் அரசின் வரிக்கும் போகிறது. நேர்மையற்ற நிறுவனத்தில் அதே இடைவெளி வேறு பைக்குள் போகும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது, வரிவரியாகச் செலவைப் பிரித்து எழுதிய கொட்டேஷன்தான்.

இப்போது மூன்று தாள்களையும் மறுபடி பார்க்கலாம். மூன்றாவது நிறுவனத்தின் 84,000 ரூபாயை ஆறால் வகுத்தால் தலைக்கு 14,000. அதாவது வெறும் சம்பளம். பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, போனஸ் இல்லை, ரிலீவர் இல்லை, லாபமும் இல்லை. லாபமே இல்லாமல் ஒருவர் தொழில் நடத்த மாட்டார். ஒன்று, 14,000 ரூபாய் முழுதாகப் பணியாளரைச் சென்றடையாது. அல்லது, ஆறு பேர் என்று பில் போட்டு நான்கு பேரை அனுப்புவார்கள். அந்தத் தொகையிலேயே ஜி.எஸ்.டி.யும் அடக்கம் என்றால் தலைக்கு 11,864 ரூபாய்தான் மிஞ்சும். குறைந்தபட்ச ஊதியமே அதில் அடங்காது.

இரண்டாவது நிறுவனத்துக்குத் தலைக்கு 19,667 ரூபாய் வருகிறது. சட்டப்படியான 18,114ஐக் கொடுத்துவிட்டுச் சிறு லாபமும் பார்க்கலாம். ஆனால் ரிலீவருக்கு அதில் இடமில்லை. ஆறு பேருக்கும் மாதம் நான்கு நாள் விடுமுறை என்றால் 24 டூட்டி காலி. மாதத்தில் 24 நாள் ஐந்து பேர்தான் வேலை பார்ப்பார்கள். ‘நேற்று மூன்றாம் மாடியைத் துடைக்கவே இல்லை’ என்ற புகார் ஏன் நாள்தோறும் வருகிறது என்பதற்கான விடை, கொட்டேஷன் வந்த அன்றே அந்தத் தாளில் இருந்தது. விடுமுறையே தராமல் 30 நாளும் வேலை வாங்கினால் புகார் வராது, சட்டமீறல் வரும்.

முதல் நிறுவனத்தின் 1,35,000 ரூபாயில் இந்தப் படிகள் எல்லாம் கிட்டத்தட்ட அடங்கும். அதற்காக அதுவும் குறையற்றது என்று சொல்லிவிட முடியாது. ‘பொருள்கள், ஆகும் செலவுப்படி’ என்ற வரிக்கு உச்சவரம்பு இல்லை. எந்தப் பொருள், எந்தத் தரம், மாதம் எத்தனை லிட்டர் என்று எழுதி வாங்காவிட்டால் அந்த ஒரு வரி மாதாமாதம் வளரும். தொகை பெரிதாக இருப்பதாலேயே சம்பளம் ஒழுங்காகப் போய்ச் சேரும் என்றும் நம்பிவிடக் கூடாது.

பன்னிரண்டு மணி நேர டூட்டி

விலையைக் குறைத்துக் காட்ட இன்னொரு வழி, வேலை நேரம். எட்டு மணி நேரத்துக்கு மேல் வாங்கும் வேலைக்கு இருமடங்கு கூலி தர வேண்டும் என்கிறது சட்டம். காலை ஏழு முதல் மாலை ஏழு வரை 12 மணி நேர டூட்டி என்றால், கூடுதல் நான்கு மணி நேரம் எட்டு மணி நேரக் கூலிக்குச் சமம். ஒரு நாள் உழைப்புக்கு இரண்டு நாள் சம்பளம் வர வேண்டும். ‘12 மணி நேரம், தலைக்கு 18,000’ என்று ஒரு கொட்டேஷன் சொன்னால், அது எட்டு மணி நேரக் கொட்டேஷனைவிட மலிவாகத் தெரியும். நான்கு மணி நேர உழைப்பு அதில் இலவசமாக எழுதப்பட்டிருக்கிறது. அதைக் கொடுப்பது நிறுவனம் அல்ல; காலை நான்கு மணிக்கு எழுந்து, வீட்டில் சமைத்துவைத்துவிட்டு, இரண்டு பேருந்து மாறி வரும் பெண்.

“அதெல்லாம் ஏஜென்சிக்கும் ஆளுக்கும் உள்ள விவகாரம், நமக்கென்ன?” என்று கேட்கும் மேலாளர்களுக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால், வேலை வாங்கிய முதன்மை நிறுவனமே கொடுக்க வேண்டும் என்று 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பும், வேலையளிப்பவர் கூலி தராவிட்டால் அந்த இடத்தின் உரிமையாளர் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது. பி.எஃப். திட்டத்தின் விதிகளும் ஒப்பந்தப் பணியாளருக்கான பங்கை முதன்மை நிறுவனத்தின் பொறுப்பில்தான் வைத்திருக்கின்றன. மாதம் 50,000 ரூபாய் மிச்சம் என்று வாங்கிய மலிவான ஒப்பந்தம், நிலுவையாகத் திரும்பி வரும்போது வட்டியும் அபராதமும் சேர்ந்தே வரும்.

தூய்மைப் பணியைக் குறைந்த விலைக்காரருக்கே கொடுக்கும் பழக்கத்தின் ஆபத்தை அரசும் உணர்ந்திருக்கிறது. ‘எங்களுக்குச் சேவைக் கட்டணமே வேண்டாம், பூஜ்யம்’ என்று எழுதி டெண்டரைப் பிடிப்பது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. அப்படிப் பூஜ்யம் போட்ட டெண்டரைப் பரிசீலிக்கவே கூடாது என்று மத்திய நிதியமைச்சகத்தின் செலவினத் துறை 2014 ஜனவரியில் உத்தரவிட்டது. 2021 அக்டோபரில், விலையோடு தரத்துக்கும் 30 சதவீதம் வரை மதிப்பெண் கொடுத்து ஒப்பந்தம் முடிவுசெய்ய அதே துறை வழி திறந்தது. தனியார் நிறுவனங்களோ இன்னும் கடைசி வரியில் உள்ள தொகையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

அந்தக் கடைசி வரி எத்தனை குடும்பங்களின் வாழ்க்கை என்பதைச் சென்னை கண்ணெதிரே பார்த்தது. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் பணி தனியார் நிறுவனத்துக்குப் போவதை எதிர்த்து மாநகராட்சி அலுவலகமான ரிப்பன் மாளிகை முன்பு 13 நாள்கள் அமர்ந்திருந்தார்கள். அதுவரை வாங்கிய சம்பளம் ஒப்பந்தத்தின் கீழ் குறைந்துவிடும் என்பது அவர்களுடைய முக்கியமான அச்சங்களில் ஒன்று.

ஆளை எண்ணுவதற்கு முன் வேலையை எண்ண வேண்டும்

கொட்டேஷன்கள் ஒப்பிட முடியாதவையாக வருவதில் கேட்டவரின் பங்கும் உண்டு. ‘ஐந்து மாடி, ஆறு ஆள், ரேட் சொல்லுங்கள்’ என்று போனில் கேட்டால், ஒவ்வொருவரும் தம் மனத்தில் உள்ள கட்டடத்துக்கு விலை சொல்வார்கள். அந்த ஆறு என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கழிப்பறையிலிருந்து தொடங்கலாம். வளாகத்தில் 12 கழிப்பறைகள் இருக்கின்றன, ஒன்றைச் சரியாகக் கழுவித் துடைத்து, கோப்பையும் குழாயும் தேய்த்து முடிக்க 15 நிமிடம், ஒரு நாளைக்கு நான்கு முறை என்று கொண்டால், 12 மணி நேர வேலை. எட்டு மணி நேர டூட்டியில் ஒன்றரை ஆள் கழிப்பறைக்கு மட்டுமே வேண்டும். படிக்கட்டு, லிஃப்ட், வராந்தா, வாகன நிறுத்துமிடம், கண்ணாடி என்று இப்படியே நிமிடக் கணக்கில் எழுதிக்கொண்டு போனால், ஆறு பேர் தேவையா, ஐந்து போதுமா, ஏழு வேண்டுமா என்பது தெரிந்துவிடும். சதுர அடிக்கு இத்தனை ரூபாய் என்று வரும் கொட்டேஷனையும் இந்தக் கணக்கோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும். ஆயிரம் சதுர அடி வாகன நிறுத்துமிடமும் ஆயிரம் சதுர அடி பல் மருத்துவமனையும் ஒரே வேலை அல்ல.

எத்தனை முறை என்பது போலவே, எந்த அளவுக்குச் சுத்தம் என்பதையும் எழுத வேண்டும். அமெரிக்கக் கல்வி வளாகங்களைப் பராமரிப்பவர்களின் அமைப்பான ஆப்பா, தூய்மையை ஐந்து நிலைகளாகப் பிரித்திருக்கிறது. முதல் நிலை பளிங்குபோல், ஐந்தாம் நிலை கவனிப்பாரற்ற கட்டடம். நிலை மாறினால் தேவைப்படும் ஆள் எண்ணிக்கையும் மாறும். வரவேற்பறைக்கு ஒரு நிலை, கோப்புகள் அடுக்கிய கிடங்குக்கு ஒரு நிலை என்று பிரித்துக் கொடுத்தால் பணம் நியாயமான முறையில் மிச்சமாகும்.

தினமும், வாரம் ஒருமுறை, மாதம் ஒருமுறை என்று வேலைகளைப் பிரிக்கும்போது விட்டுப்போகிறவை உண்டு: மின்விசிறி இறக்கை, ஜன்னல் கம்பி, மேல்நிலைத் தொட்டி, அக்டோபர் மழைக்கு முன் மொட்டைமாடியின் மழைநீர்க் குழாய். இவற்றைப் பட்டியலில் சேர்க்காத கொட்டேஷன் மலிவாகத்தான் இருக்கும். முதல் மழையில் மாடியில் தண்ணீர் நிற்கும்போது, ‘அது எங்கள் ஸ்கோப்பில் இல்லை சார்’ என்ற பதில் வரும்.

பொருள்களில் தனிக் கவனம் வேண்டும். ஹவுஸ்கீப்பிங் தொழிலில் துப்புரவு ரசாயனங்களை ஆர்1, ஆர்2, ஆர்3 என்று சொல்கிறார்கள். குளியலறைக்கு ஆர்1, தரைக்கு ஆர்2, கண்ணாடிக்கு ஆர்3, கழிப்பறைக் கோப்பைக்கு ஆர்6. ‘ரசாயனங்கள் உட்பட’ என்று மட்டும் எழுதிய கொட்டேஷனில் இவற்றுக்குப் பதிலாக ஆசிட் கேன் வந்து இறங்கும். லாரித் தண்ணீரும் போர் தண்ணீரும் ஓடும் கட்டடங்களில் குழாயிலும் டைல்ஸிலும் உப்புக்கறை படியும். ஆசிட் அதை ஒரே நாளில் நீக்கிக் காட்டும். அதே ஆசிட் மார்பிளை அரித்துப் பொலிவிழக்கச் செய்யும், குழாயின் முலாமை உரிக்கும். பிளீச்சிங் பவுடரோடு கலந்துவிட்டால் குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத கழிப்பறைக்குள் நிற்பவரின் நுரையீரலுக்குள்தான் அது முதலில் போகும்.

இன்னொரு வரியை எந்தக் கொட்டேஷனிலும் விரல் வைத்துப் படிக்க வேண்டும்: ‘செப்டிக் டேங்க், கழிவுநீர்த் தொட்டி சுத்தம் உட்பட.’ எப்படிச் செய்வார்கள் என்று எழுதியிருக்கிறதா? இயந்திரமும் உறிஞ்சு லாரியும் வருமா, அல்லது நான்காம் மாடியில் துடைத்துக்கொண்டிருப்பவரைக் கூப்பிட்டு மூடியைத் திறக்கச் சொல்வார்களா? பாதுகாப்பின்றி மனிதரைக் கழிவுத் தொட்டிக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்கிறது; முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். நேரடியாக அமர்த்தினாலும் ஒப்பந்ததாரர் மூலம் அமர்த்தினாலும் குற்றம் குற்றமே. இப்படி நேரும் மரணங்களுக்கான இழப்பீட்டை 2023 அக்டோபர் 20 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. ‘உட்பட’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் ஓர் உயிர் இருக்கக்கூடும் என்பதால் அந்த வேலையைத் தூய்மை ஒப்பந்தத்திலிருந்து பிரித்து, இயந்திரம் வைத்திருக்கும் உரிமம் பெற்றவரிடம் கொடுப்பதே சரி.

பணம் இல்லாதபோது

சிறிய வளாகங்களும் பள்ளிகளும் நலச் சங்கங்களும் சொல்லும் வருத்தம் உண்மையானது: “தலைக்கு 26,000 ரூபாய் எங்களால் தர முடியாது.” முடியாதபோது குறைக்க வேண்டியது வேலையின் அளவு. கண்ணாடியை வாரம் மூன்று முறைக்குப் பதில் ஒரு முறை துடைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கழிப்பறையும் குப்பையும் மட்டும் போதும் என்று முடிவெடுக்கலாம். வாடகைதாரர்கள் மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்தே கொடுத்தால், பணியாளர் கையால் கிளறும் நேரம் மிஞ்சும். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் அந்தப் பொறுப்பைக் குப்பையைப் போடுபவரிடம்தான் வைத்தன. ஆறு பேருக்கு அரைச் சம்பளம் கொடுப்பதைவிட, நான்கு பேருக்கு முழுச் சம்பளம் கொடுத்து அவர்களால் செய்யக்கூடிய வேலையை மட்டும் கேட்பது நாணயமான வழி.

மேலாளர் செய்ய வேண்டியது, மூன்று தாள்களையும் ஒதுக்கிவைத்துவிட்டுத் தானே ஒரு தாளைத் தயாரிப்பது. முதல் பக்கத்தில் இடம், வேலை, எத்தனை முறை, எந்தப் பொருள் என்ற பட்டியல். இரண்டாம் பக்கத்தில் காலிக் கட்டங்கள்: அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, பி.எஃப்., இ.எஸ்.ஐ., போனஸ், பணிக்கொடை, ரிலீவர், சீருடை, பொருள்கள், மெஷின், சேவைக் கட்டணம், ஜி.எஸ்.டி. மூன்று நிறுவனங்களையும் கட்டடத்துக்கு வரவழைத்து, மாடி மாடியாக நடந்து காட்டி, அதே கட்டங்களை நிரப்பித் தரச் சொல்ல வேண்டும். சட்டப்படியான வரிகளில் மூவருக்கும் கிட்டத்தட்ட ஒரே தொகை வரும், வர வேண்டும். மேற்பார்வை, பொருள்கள், சேவைக் கட்டணம் ஆகியவற்றில்தான் வித்தியாசம் இருக்கும். பேரம் பேசுவதானால் அங்கே பேசலாம். ஏப்ரலில் பஞ்சப்படி உயரும்போது சம்பள வரி தானாக உயரும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும்; இல்லையென்றால் அந்த உயர்வு பணியாளருக்குப் போகாது.

ஒப்பந்தம் தொடங்கிய பிறகு மாதாமாதம் மூன்று தாள்களைப் பில்லோடு கேட்க வேண்டும். பணியாளர்களின் பெயரும் யு.ஏ.என். எண்ணும் உள்ள பி.எஃப். செலான், இ.எஸ்.ஐ. செலான், வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறியதற்கான பட்டியல். அவற்றில் உள்ள பெயர்களும் வாசலில் உள்ள வருகைப் பதிவேட்டின் பெயர்களும் பொருந்துகின்றனவா என்று பார்க்கப் பத்து நிமிடம் ஆகும். பி.எஃப். செலான் வராத மாதத்தில் மற்றத் தொகையைக் கொடுத்துவிட்டு அந்த வரிக்குரிய பணத்தை மட்டும் நிறுத்திவைக்கலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டால், சம்பளம் தடைபடாது, செலானும் வந்துசேரும். பதிவேட்டைப் பார்க்கும் அந்தப் பத்து நிமிடத்தில், இரண்டாம் மாடியில் மாப்புப் போட்டுக்கொண்டிருக்கும் அக்காவிடம், “போன மாதச் சம்பளம் எந்தத் தேதியில் வந்தது, எவ்வளவு வந்தது?” என்று நேரில் கேட்டுவிடலாம்.